மூன்றும் போச்சா, ஒன்று மட்டும் போச்சா? ஒரே ஃபைபரில் நெட், டிவி, போன் வைத்திருக்கும் வீடுகளுக்குப் பழுது பார்க்கும் வழி

"தம்பி, நெட்டு வரல" என்று அழைப்பு வந்தால் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "டிவி ஓடுதுங்களா? லேண்ட்லைன் ரிசீவரை எடுத்தா டயல் டோன் கேக்குதுங்களா?" பாதிப் பேர் அதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். நெட் நின்றதும் மோடத்தை நாலைந்து முறை அணைத்துப் போட்டிருப்பார்கள். சிலர் பின்பக்கத்துச் சின்ன ஓட்டையில் ஊசியை விட்டு அழுத்தியும் முடித்திருப்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தால் பழுது தெருவில் இருக்கிறதா, வீட்டுக்குள் இருக்கிறதா, கம்பெனி பக்கம் இருக்கிறதா என்பது நான் பைக்கை எடுக்கும் முன்பே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

சேலம் டவுனிலும் ஏற்காட்டிலும் வீடு வீடாகப் போய் இந்த வேலை பார்க்கிறேன். செவ்வாய்பேட்டை வெள்ளிப் பட்டறை, அம்மாபேட்டை தறிக்கூடம், அஸ்தம்பட்டி அடுக்குமாடி, மலைமேல் காபி எஸ்டேட் பங்களா என்று இடம் மாறும், பழுது மாறாது. திரும்பத் திரும்பப் பார்ப்பவற்றை அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டில் என்ன தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேரே போய்விடலாம். ஆனால் அடுத்த இரண்டு பத்தியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

சுவரைத் துளைத்து வரும் அந்த ஒயருக்குள் இருப்பது தலைமுடி பருமனில் ஒரே ஒரு கண்ணாடி இழை. நெட்டும் போனும் 1490 நானோமீட்டர் அலைநீள ஒளியில் உங்கள் வீட்டுக்கு வருகின்றன. உங்கள் வீட்டிலிருந்து போவது 1310 நானோமீட்டரில் போகிறது. டிவி இரண்டு விதமாக வரும். பல கேபிள் ஆபரேட்டர்கள் 1550 நானோமீட்டரில் தனி ஒளியாக அனுப்புவார்கள். மற்றவர்கள் டிவியையும் நெட் டேட்டாவாகவே அனுப்புவார்கள். மோடத்திலிருந்து டிவிக்குப் போவது திருகி மாட்டும் வட்ட முனை கேபிள் என்றால் முதல் வகை. லேன் ஒயரோ வைஃபையோ என்றால் இரண்டாம் வகை. உங்களுடையது எது என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தால் பஸ், கார், லாரி எல்லாமே நிற்கும். பஸ் மட்டும் வரவில்லை, கார் ஓடுகிறது என்றால் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் போய் மண்சரிவைத் தேட மாட்டோம், டிப்போவில்தான் விசாரிப்போம். ஃபைபரும் அப்படித்தான். மூன்றும் சேர்ந்து நின்றால் பாதையிலோ மின்சாரத்திலோ குறை. ஒன்று மட்டும் நின்றால் பாதையைத் தோண்ட வேண்டாம். டிவி தனி ஒளியில் வரும் வீடுகளில் மட்டும் இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதை டிவி பகுதியில் சொல்கிறேன்.

மூன்றும் சேர்ந்து நின்றுவிட்டது

கையை வைக்கும் முன் மோடத்து விளக்குகளைப் பாருங்கள். முடிந்தால் செல்லில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். அணைத்துப் போட்டுவிட்டால் அந்தச் சாட்சி அழிந்துபோகும்.

ஒரு விளக்குமே எரியவில்லை என்றால் ஃபைபரைப் பற்றிய கவலை வேண்டாம், அது மின்சாரம்தான். பிளக் தளர்ந்திருக்கும், ஸ்விட்ச் அணைந்திருக்கும், அல்லது அடாப்டர் போயிருக்கும். நான் அடிக்கடி பார்க்கும் தவறு ஒன்று உண்டு. வீடு சுத்தம் செய்யும்போது மோடத்து அடாப்டரும் செட்டாப் பாக்ஸ் அடாப்டரும் இடம் மாறிவிடும். முனை ஒரே மாதிரி இருக்கும், வோல்ட் வேறாக இருக்கும். பெரும்பாலான மோடங்களுக்கு 12 வோல்ட் வேண்டும். 5 வோல்ட் அல்லது 9 வோல்ட் அடாப்டர் மாட்டினால் விளக்கே வராது, அல்லது எரிந்து எரிந்து அணையும். 12 வோல்ட் அடாப்டரை 5 வோல்ட் பெட்டிக்கு மாட்டினால் அந்தப் பெட்டி கருகிவிடும். இரண்டு அடாப்டரிலும் எது எதற்கு என்று பேனாவால் எழுதி ஒட்டி வையுங்கள்.

எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக மின்னினால் வெளியிலிருந்து ஒளியே வரவில்லை என்று பொருள். இதற்கு மோடத்தை அணைத்துப் போட்டுப் பயனில்லை. முதலில் வீட்டுக்குள் ஒயர் வரும் வழியைக் கண்ணால் பின்தொடருங்கள். கதவிடுக்கில் நசுங்கியிருக்கிறதா? பீரோவை நகர்த்தியபோது காலடியில் மாட்டியிருக்கிறதா? எலி கடித்த தடம் தெரிகிறதா? ஒயர் வளைய வேண்டிய இடத்தில் டீ டம்ளர் வாய் அளவுக்கு வளைந்திருந்தால் எந்த இழைக்கும் ஆபத்தில்லை. மோதிரம் அளவுக்கு மடங்கியிருந்தால் ஒளி அந்த வளைவிலேயே கசிந்துவிடும். மடங்கியதை மெல்ல நிமிர்த்திவிட்டு ஒரு நிமிஷம் பொறுத்துப் பாருங்கள். பல வீடுகளில் அதோடு சரியாகிவிடும்.

மோடத்தில் செருகியிருக்கும் முனையை உள்நோக்கி மெல்ல அழுத்தினால் 'டக்' என்று உட்கார வேண்டும். அதைக் கழற்றிப் பார்க்காதீர்கள். கழற்றியே ஆக வேண்டுமென்றாலும் முனையைக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள். உள்ளே வருவது லேசர், அது கண்ணுக்குத் தெரியாது. தெரியவில்லை என்பதால் ஒன்றும் வரவில்லை என்று குழந்தைகள் எட்டிப் பார்ப்பார்கள், அவர்களிடம் சொல்லி வையுங்கள். வேட்டி நுனியால் முனையைத் துடைப்பதும் கூடாது. நூல் தூசி ஒன்று ஒட்டினாலும் ஒளி குறையும். இழை முறையான திரவமும் நூல் பிரியாத துணியும் கொண்டுதான் துடைக்கப்பட வேண்டும், அது டெக்னீஷியன் பையில் இருக்கும்.

முனையின் நிறத்தையும் பாருங்கள். பச்சை முனையின் நுனி 8 டிகிரி சாய்வாகத் தீட்டப்பட்டிருக்கும், நீல முனையில் அந்தச் சாய்வு கிடையாது. பச்சை ஒயரை நீலத் துளையில் செருகினால் இடையில் காற்று நின்று ஒளி பெருமளவு வீணாகும். சரியாக வேலை செய்த இணைப்பு, யாரோ வந்து பேட்ச் கார்டு (மோடத்தில் செருகும் குட்டை ஃபைபர் ஒயர்) மாற்றிய மறுநாளிலிருந்து தகராறு செய்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

வீட்டுக்குள் எல்லாம் சரியாக இருந்தும் சிவப்பு மின்னுகிறதா? புகார் கொடுக்கும்போது "நெட் வரல" என்று மட்டும் சொல்லாதீர்கள். "எல்ஓஎஸ் சிவப்பு மின்னுது, மூணும் இல்ல, பக்கத்து வீட்டிலும் இல்ல" என்று சொல்லுங்கள். அல்லது "பக்கத்து வீட்டில் இருக்குது" என்று, எது உண்மையோ அதைச் சொல்லுங்கள். தெருவில் ஓர் இழையை ஸ்ப்ளிட்டர் பெட்டி 8, 16, 32 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. பக்கத்து வீட்டிலும் இல்லையென்றால் வருபவர் இழையை ஒட்டும் மெஷினும் நீள ஏணியும் எடுத்துக்கொண்டு வருவார். உங்கள் வீட்டில் மட்டும் என்றால் ஸ்ப்ளிட்டரிலிருந்து உங்கள் சுவர் வரை மட்டும் பார்ப்பார். இந்த ஒரு வரியால் ஒரு நாள் மிச்சமாகும்.

சிவப்பு இல்லை, ஆனால் பான் (PON) விளக்கு பச்சையாக நிலைக்காமல் மின்னிக்கொண்டே இருக்கிறது என்றால் ஒளி வருகிறது, எதிர்முனைக் கருவி உங்கள் மோடத்தைச் சேர்த்துக்கொள்ளவில்லை. மோடம் மாற்றிய பிறகு அதன் வரிசை எண்ணைக் கம்பெனியில் பதியாமல் விட்டால் இப்படி ஆகும். மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும் எண்ணைப் படம் எடுத்து அனுப்பினால் வீட்டுக்கு வராமலே முடித்துவிடுவார்கள்.

ஊசி ஓட்டையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதை அழுத்தினால் மோடம் கடையிலிருந்து வந்த நிலைக்குப் போய்விடும். நெட்டின் யூசர் நேம், டிவிக்கும் போனுக்கும் தனித்தனி வழி பிரிக்கும் விலான் எண்கள், லேண்ட்லைன் நம்பரின் பதிவு எல்லாமே அழிந்துபோகும். சில கம்பெனிகளில் இவை தானாக மறுபடி இறங்கும், பல இடங்களில் இறங்காது. நெட் மட்டும் போயிருந்த வீட்டில் மூன்றையும் போக்கிக்கொள்ள இதைவிடச் சுலபமான வழி இல்லை. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்.

மழை பெய்தால், காற்றடித்தால் போகிறது

மொட்டை மாடியில் டிஷ் வைத்திருந்தவர்களுக்கு மழை என்றால் டிவி போகும் என்பது பழகிப்போன விஷயம். ஃபைபருக்கு மாறிய பிறகும் மழையில் போனால் "இது அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி இல்லை. கண்ணாடிக்குள் போகும் ஒளியை மழையும் மூடுபனியும் தொடவே முடியாது. மழையில் போனால் எங்கோ பழுது இருக்கிறது என்றே பொருள். கேட்டு வாங்கிச் சரிசெய்துகொள்ளலாம்.

பெரும்பாலும் ஜாயிண்ட் பெட்டியின் மூடி சரியாக மூடாமல் தண்ணீர் இறங்கியிருக்கும். மழை நின்று வெயில் ஏறியதும் மெதுவாகத் திரும்பி வந்தால் இதுதான். காற்றடிக்கும்போது மட்டும் போய்ப் போய் வந்தால் எங்கோ இழை அரைகுறையாக ஒடிந்து, ஒயர் ஆடும்போது விலகிச் சேர்கிறது. மலைமேல் இது அதிகம். சில்வர் ஓக் மரத்திலிருந்து மரத்துக்கு ஒயர் கட்டியிருப்பார்கள். காற்றில் இரண்டு மரமும் இரண்டு பக்கம் ஆடும். நிழல் மரத்தில் கிளை கழிக்கும் காலத்தில் கிளை ஒயர்மேல் விழும். குரங்குகள் அதையே ஊஞ்சலாக்கும். எஸ்டேட் வைத்திருப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்று. கிளை கழிக்கும் ஆட்களுக்கு ஃபைபர் போகும் வழியை முன்பே காட்டிவிடுங்கள். கறுப்பு ஒயரைக் காட்டில் கொடி என்று நினைத்து இழுத்துவிடுகிறார்கள்.

இடி மின்னலுக்குப் பிறகு வேறு கதை. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது, ஆனால் தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் டிராப் ஒயர்கள் பலவற்றில் இழைக்குத் துணையாக ஓர் இரும்புக் கம்பியும் ஓடும். அந்தக் கம்பியை வெளிச்சுவரிலேயே வெட்டிக் கட்டிவிட வேண்டும், மோடம் வரை கொண்டுவரக் கூடாது. உங்கள் வீட்டில் எப்படி இருக்கிறது என்று வெளியே போய்ப் பாருங்கள். ஆனால் நான் பார்த்த மின்னல் சேதங்களில் பெரும்பாலானவை ஈபி லைன் வழியாகவோ மாடியில் ஓடும் நீள லேன் ஒயர் வழியாகவோ வந்தவைதான். மின்னலுக்குப் பின் வைஃபை இருக்கிறது, லேனில் செருகிய டிவி மட்டும் வரவில்லை என்றால் அந்த லேன் துளை போயிருக்கலாம். அடுத்த துளையில் செருகிப் பார்ப்பதோடு நிற்காமல் அது டிவிக்கு ஒதுக்கிய துளைதானா என்றும் கேளுங்கள். பல மோடங்களில் டிவிக்கென்று ஒரு குறிப்பிட்ட துளையைத்தான் அமைத்திருப்பார்கள்.

நாளுக்குப் பத்து முறை போய் வருகிறது

இங்கே நேரத்தைக் குறித்து வைப்பதுதான் மருந்து. ஒரு தாளில் மூன்று நாள் எழுதுங்கள்.

பிற்பகல் 2 மணியிலிருந்து 4 மணி வரை மட்டும் என்றால் சூடு. சேலத்தில் சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தொடும். பெரும்பாலான மோடங்கள் 40 டிகிரி வரைக்கும்தான் கணக்கிட்டுச் செய்யப்பட்டவை. அதை ஷோகேஸ் கண்ணாடிக்குப் பின்னாலும் டிவிக்கு அடியில் செட்டாப் பாக்ஸின் மேலும் வைத்தால் தாங்காது. சுவரில் காற்றுபடும் இடத்தில் மாட்டினால் போதும்.

பக்கத்தில் தறியோ பட்டறை மோட்டாரோ ஓடத் தொடங்கும் நேரத்தில் என்றால் வோல்டேஜ் இறக்கம். கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும் கணத்தில் என்றால் இன்வெர்ட்டரின் பின்புற ஸ்விட்சை யூபிஎஸ் நிலையில் வையுங்கள். மாறும் நேரம் குறைந்து மோடம் அணையாமல் நிற்கும்.

நேரமே இல்லாமல் போய் வந்தால் ஒளியின் அளவைப் பார்க்க வேண்டும். மோடத்தின் அடியில் உள்ள முகவரியை, பெரும்பாலும் 192.168.1.1, செல்லின் பிரவுசரில் போட்டு உள்ளே போனால் வாங்கும் ஒளி இத்தனை டிபிஎம் என்று ஓரிடத்தில் காட்டும். அது கழித்தல் எண். சாதாரணமாக −15-க்கும் −25-க்கும் இடையில் இருக்கும். −27 என்பது பொதுவாக மோடம் தாங்கும் எல்லை. இந்தக் கணக்கில் 3 கூடக் குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது என்று பொருள். இணைப்பு கொடுத்த அன்று −20 இருந்தது இன்று −26 என்றால் வந்துகொண்டிருந்த ஒளியில் கால் பங்குதான் இப்போது வருகிறது. நெட் இன்னும் ஓடும், அடுத்த காற்றில் நிற்கும். இணைப்பு கொடுக்க வருபவரிடம் அன்றைய அளவைக் கேட்டு மோடத்தின் பக்கவாட்டில் எழுதி வையுங்கள். பிறகு வாக்குவாதத்துக்கே இடமிருக்காது, இரண்டு எண்ணையும் காட்டினால் போதும்.

நெட் மட்டும் இல்லை, டிவியும் போனும் இருக்கின்றன

பாதை நன்றாக இருக்கிறது. ரீசார்ஜ் தேதியை முதலில் பாருங்கள். கோபப்படாதீர்கள், உண்மையிலேயே பாதி அழைப்புகள் இதுதான். பணம் கட்டியும் வரவில்லையென்றால் மோடத்தை ஐந்து நிமிஷம் அணைத்து வைத்துப் போடுங்கள். பழைய இணைப்புப் பதிவு எதிர்முனையில் தொங்கிக்கொண்டிருந்தால் அந்த இடைவெளியில் விடுபடும்.

சில தளங்கள் மட்டும் திறக்கவில்லை, வாட்ஸப் போகிறது என்றால் குறை டிஎன்எஸ்ஸில், அதாவது தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் முகவரியைத் தேடித் தரும் ஏற்பாட்டில். செல்லின் வைஃபை அமைப்பில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 போட்டுப் பாருங்கள்.

"எஸ்டேட் கேமராவை வெளியூரிலிருந்து பார்க்க முடியல" என்பதும் நெட் பழுது என்று வருகிறது. பழுது இல்லை. பல கம்பெனிகள் ஒரு பொது ஐபி முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகின்றன. மோடத்தில் வெளி முகவரி 100.64-லிருந்து 100.127 வரைக்குள் தொடங்கினால் உங்களுடையதும் அதுதான். கேமரா கம்பெனியின் கிளவுட் ஆப் வழியாகப் பாருங்கள், அல்லது தனி ஐபிக்குப் பணம் கட்டுங்கள்.

நெட் இருக்கிறது, வேகம் இல்லை

ஒரு சோதனை இல்லாமல் இதில் எதுவும் சொல்ல முடியாது. லேப்டாப்பை லேன் ஒயரில் மோடத்தோடு நேரே இணைத்து வேகம் பாருங்கள். ஒயரில் முழு வேகம், வைஃபையில் இல்லை என்றால் குறை காற்றில். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், ஆனால் அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாம் அதே இடத்தில் நெரிசல். சேனலை 1, 6, 11 மூன்றில் ஒன்றாக மாற்றிப் பாருங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, இரண்டு சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். ஏற்காட்டுப் பழைய பங்களாக்களின் கருங்கல் சுவருக்கு எந்த மோடமும் ஈடுகொடுக்காது. அங்கே அறைக்கு அறை லேன் ஒயர் இழுத்து இன்னொரு வைஃபை பெட்டி வைப்பதைத் தவிர வேறு வழி சொல்ல மாட்டேன்.

ஒயரிலேயே வேகம் 94 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டவில்லையா? 150, 200 திட்டத்துக்குப் பணம் கட்டியும் 94-இலேயே நின்றால் அந்த எண்ணே பழுதைச் சொல்லிவிடுகிறது. லேன் ஒயருக்குள் எட்டுக் கம்பிகள். எட்டும் தொட்டால் 1000 வரை போகும். ஒன்று விட்டால் பல சமயம் நான்கு கம்பியில் 100-க்கு இறங்கிவிடும், கைக்குக் கிடைப்பது 94 சொச்சம். முனையை மறுபடி அடித்தால் சரியாகும். சில மலிவு மோடங்களில் துளையே 100-க்குத்தான் செய்திருப்பார்கள், அப்படியென்றால் மோடத்தை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

டிவி மட்டும் தகராறு

வட்ட முனை கேபிள் வகையில், படம் கட்டம் கட்டமாக உடைகிறது, ஆனால் நெட்டுக்கு ஒரு குறையும் இல்லை என்றால் பலர் செட்டாப் பாக்ஸை மாற்றுகிறார்கள். நான் மேலே சொன்ன விலக்கு இதுதான், இங்கே ஒயரைப் பார்க்க வேண்டும். இழை மடங்கினால் நீள அலைநீளம்தான் முதலில் கசியும். 1550-இல் வரும் டிவி தேய்ந்துவிடும், 1490-இல் வரும் நெட் தாக்குப்பிடிக்கும். போதாததற்கு டிவிப் பகுதிக்கு நெட்டைவிட மிக அதிக ஒளி வேண்டும். ஆகவே டிவி மட்டும் மங்கத் தொடங்குவது பாதையில் எங்கோ ஒரு மடிப்பு விழுந்திருக்கிறது என்பதற்கு முன்னறிவிப்பு. அதைக் கவனிக்காமல் விட்ட வீடுகளில் இரண்டு மூன்று வாரத்தில் நெட்டும் போனதைப் பார்த்திருக்கிறேன்.

டேட்டா வகையில் வரும் டிவியில் வேறொரு விசித்திரம் உண்டு. சேனல் மாற்றினால் நன்றாக ஓடும், நாலு நிமிஷம் சொச்சத்தில் உறையும். மறுபடி மாற்றினால் மறுபடி நாலு நிமிஷம். நேரடி சேனல் என்பது ஒரே ஓட்டமாகத் தெருவுக்கு வந்து, கேட்கும் வீடுகளுக்கு மட்டும் திறந்துவிடப்படுகிறது. "இன்னும் பார்க்கிறீர்களா" என்று வலை கேட்கும், உங்கள் பெட்டி "ஆமாம்" என்று பதில் தர வேண்டும். அந்தக் கேள்வியோ பதிலோ இடையில் தொலைந்தால் வழக்கமான அமைப்பில் 260 விநாடி பொறுத்துப் பார்த்துவிட்டு ஓட்டத்தை மூடிவிடும். இடையில் நீங்கள் வாங்கி மாட்டிய ஸ்விட்ச் பெட்டியோ ரவுட்டரோ இருந்தால் அதை எடுத்துவிட்டு நேரே இணைத்துப் பாருங்கள். உறைவது நின்றுவிட்டால் குற்றவாளி அந்தப் பெட்டிதான். நேரே இணைத்தும் உறைந்தால் கடிகாரம் பார்த்து எத்தனை விநாடி என்று குறித்துப் புகாரில் சொல்லுங்கள். இதை வைஃபையில் ஓட்டுவதையும் நான் ஒப்புக்கொள்வதில்லை. வைஃபை இந்த வகை ஓட்டத்தைத் தன் மிகக் குறைந்த வேகத்தில் அனுப்பும் பழக்கம் உடையது. ஒயர் இழுத்துவிடுங்கள்.

சில சேனல் மட்டும் வரவில்லை, மற்றவை பளிச்சென்று இருக்கின்றன என்றால் அது பேக் கணக்கு. ஆபரேட்டரிடம் கேட்டால் முடிந்தது.

போன் மட்டும் தகராறு

டயல் டோன் இருக்கிறது, செல் நம்பருக்குப் போகவில்லை என்றால் முன்னால் 0 போடுங்கள். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து செல்லுக்கு 0 கட்டாயம். வயதானவர்கள் மனப்பாடமாகப் பத்து எண்ணைத்தான் அழுத்துவார்கள், போனருகே பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். சில ஃபைபர் போன்களில் உள்ளூர் லேண்ட்லைனுக்கும் சேலத்துக்கு 0427, ஏற்காட்டுக்கு 04281 சேர்த்துப் போட வேண்டியிருக்கிறது. போகவில்லையென்றால் அதையும் முயன்று பாருங்கள்.

டயல் டோனே இல்லை, மோடத்தில் போன் விளக்கும் எரியவில்லை என்றால் நம்பரின் பதிவு விழுந்திருக்கிறது, கம்பெனி பக்கத்து வேலை. விளக்கு எரிகிறது, டோன் இல்லை என்றால் வீட்டு வேலை. வேறொரு போனை மோடத்தின் துளையில் நேரே செருகிப் பாருங்கள். பழைய நாளில் நெட்டையும் போனையும் பிரிக்க வைத்த சின்ன வெள்ளைப் பெட்டி இடையில் இருந்தால் எடுத்துவிடுங்கள், இப்போது அதற்கு வேலையில்லை.

வீட்டின் பழைய போன் ஒயரிங்கை மோடத்தோடு இணைத்து எல்லா அறையிலும் மணி அடிக்க வைக்கலாம். ஆனால் அதற்கு முன் வெளியிலிருந்து வரும் பழைய செம்புக் கம்பியைத் துண்டித்தாக வேண்டும். அதில் எக்ஸ்சேஞ்சின் 48 வோல்ட் இன்னும் இருக்கலாம், மோடத்தின் போன் துளை அதோடு மோதிக் கருகும். மின்னலும் அந்தக் கம்பி வழியாக நேரே உள்ளே வரும்.

குரல் விட்டு விட்டுக் கேட்டால், அதுவும் மாலையில் மட்டும் என்றால், யாரோ எதையோ மேலேற்றுகிறார்கள். பேச்சுக்கு விநாடிக்கு 100 கிலோபிட்டுக்கும் குறைவாகத்தான் வேண்டும். ஆனால் செல்போன் படங்கள் கூகுளுக்கு ஏறும்போதோ கேமரா காட்சி கிளவுடுக்கு ஏறும்போதோ அந்த வரிசையில் பேச்சும் மாட்டிக்கொள்கிறது. மோடத்தில் பேச்சுக்கு முன்னுரிமை அமைத்திருக்க வேண்டும். அமைக்காமல் கொடுத்துவிட்டுப் போன இணைப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன். புகாரில் "போனுக்கு கியூஓஎஸ் போட்டிருக்குதா பாருங்க" என்று கேளுங்கள்.

நாம் பேசுவது அவருக்குக் கேட்கிறது, அவர் பேசுவது நமக்குக் கேட்கவில்லை என்றால், போன் உங்கள் சொந்த ரவுட்டருக்குப் பின்னால் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதில் சிப் ஏஎல்ஜி என்ற வசதியை அணைத்துவிடுங்கள். உதவி செய்யப்போய்க் குழப்பும் வசதி அது.

கரண்ட் போனால் போனும் போகிறது

இதைப் பழுது என்று யாரும் எழுதுவதில்லை. எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம்.

மஞ்சக்குட்டை பக்கம் தனியாக இருக்கும் ஒரு பாட்டி வீட்டுக்கு இணைப்பு பார்க்கப் போயிருந்தேன். "சாமி, கரண்டு போனா இந்தப் போனு ஊமையாயிடுது. முந்தி இருந்தது அப்படி இல்லியே" என்றார். அவர் சொன்னது முழு உண்மை. பழைய லேண்ட்லைனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்து அதே செம்புக் கம்பி வழியாக வந்தது. ஊரே இருட்டானாலும் போன் பேசும். கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. மோடம் அணைந்தால் போனும் அணையும். இணைப்பு விற்க வந்தவர்கள் இதை அவரிடம் சொல்லவில்லை. மரம் விழுந்தால் கரண்ட் வர மறுநாள் ஆகும் மலையில், செல் சிக்னல் வாசலுக்கு வந்தால்தான் பிடிக்கும் வீட்டில், மாரடைப்பு வந்தாலும் 108-க்கு எதைக் கொண்டு கூப்பிடுவது?

செய்ய வேண்டியது அதிகமில்லை. மோடத்துக்கு ஒரு சின்ன 12 வோல்ட் யூபிஎஸ். மோடம் பெரும்பாலும் 10, 12 வாட் இழுக்கும். 12 வோல்ட் 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி என்றால் கணக்குக்கு 84 வாட்-ஹவர், நடைமுறையில் ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட நேரம் வேண்டுமென்றால் அதில் டிவி பெட்டியைச் சேர்க்காதீர்கள். போன் ஒயர் உள்ள பழைய மாதிரி செட்டாக இருக்கட்டும். கார்ட்லெஸ் செட்டின் அடிப்பெட்டிக்கும் கரண்ட் வேண்டும், அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

இவ்வளவும் செய்தும், கரண்ட் போனதும் மோடம் எரிகிறது, எல்ஓஎஸ் சிவப்பாகிவிடுகிறது என்றால் ஆபரேட்டரின் அறையிலேயே பேக்கப் இல்லை. வழியிலுள்ள ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரமே தேவையில்லை, ஆகவே இரு முனையிலும் பேட்டரி இருந்தால் போதும். மலையில் இணைப்பு வாங்கும் முன் வேகத்தைக் கேட்பதற்கு முன்னால் அதைக் கேளுங்கள்.

பாட்டி வீட்டில் எல்லாம் மாட்டி முடித்து மெயினை அணைத்தேன். வாசலில் சிக்னல் பிடிக்கும் இடத்துக்குப் போய் என் செல்லிலிருந்து கூப்பிட்டேன். இருட்டுக்குள் மணி அடித்தது. பாட்டி எடுத்து, "கேக்குது சாமி, கேக்குது" என்றார். மாதம் ஒரு முறை இதே போல மெயினை அணைத்துக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லி அவர் பேரனிடம் தேதி குறித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். பேட்டரி இரண்டு மூன்று வருஷத்தில் களைத்துவிடும். அப்போது மணி அடிப்பது சீக்கிரமே நிற்கத் தொடங்கும்.